அழைப்பு வராத காலை

'என் மகள் கன்டெய்னர் ஓட்டுகிறாள்' என்று அம்மா எங்கள் தேயிலை எஸ்டேட்டின் லயம் முழுக்க, வரிசை வீடுகள் அத்தனையிலும், சொல்லி வைத்திருந்தாள். சின்னக்கானலுக்கு ஏறும் வளைவில் ஒருமுறை கன்டெய்னர் லாரி சிக்கி ஒரு பகல் முழுக்கப் பாதை அடைபட்டதை எல்லோரும் பார்த்தவர்கள். அதனால் அடுத்த வீட்டு அத்தை என்னைக் காணும்போதெல்லாம் கேட்பாள்: "ஏட்டி, இன்னிக்கி வண்டிய வளைவுல திருப்பிட்டியா, இல்ல ரிவர்ஸ்தானா?"

ஒரு புரோகிராமையும் அது ஓடத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியாகக் கட்டினால் அதுதான் எங்கள் கன்டெய்னர். எந்த ஊர் கம்ப்யூட்டரில் வைத்தாலும் ஓடும். ஒன்று விழுந்தால் அதே போல இன்னொன்று தானாக எழும். எங்கள் கம்பெனியில் அப்படி இருபது சொச்சம் பெட்டிகள். மலையெங்கும் வனத்துறை வாச்சர்களும் ஜீப் டிரைவர்களும் போனில் பொத்தானை அழுத்தி 'இங்கே யானை' என்று அனுப்பும் தகவல்கள் ஓயாமல் வந்து விழும். பெட்டிகள் அவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு, எந்த இடம், யாரை எச்சரிக்க வேண்டும் என்று சில நொடிகளில் கண்டுபிடித்து, அந்தப் பக்கம் வேலைக்கு இறங்குகிறவர்களுக்குப் போன் செய்யும். எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குறுஞ்செய்தியால் என்ன பயன்? ஆகவே குரல். அது என்னுடைய குரல். "ஒம்பதாம் நம்பர் பீல்டுல ஆனை நிக்கிது. எறங்காதீங்க" என்று வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு தேயிலை பீல்டுக்கும் தனித்தனியாகப் பேசிப் பதிந்தது.

அம்மா அந்தப் பதிவுக்குப் பதில் சொல்வாள். "சரிட்டி. நீ சாப்பிட்டியா?" என்பாள். கூட நிற்கும் பெண்கள் சிரித்து உருளுவார்கள். அவள் கவலைப்பட மாட்டாள்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கொச்சிக் கம்பெனிக்கு லயத்திலிருந்தே வேலை பார்க்கிறேன். பாதையில் போகிறவர்களுக்கு லேப்டாப் தெரியட்டும் என்று ஜன்னலைத் திறந்துதான் வைப்பேன்.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தைய வாரம் நான் ஒரு மாற்றம் செய்திருந்தேன். ஒவ்வொரு தகவலுக்கும் இரண்டு நேரம் உண்டு: யானையைப் பார்த்த நேரம், தகவல் எங்களிடம் வந்து சேர்ந்த நேரம். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி நேரம் வரை இருக்கலாம் என்று முன்பு வைத்திருந்தோம். ஒருநாள் டவர் செத்துப் பிழைத்ததும் பழைய தகவல்கள் எல்லாம் ஒரே மூச்சில் வந்து விழுந்தன. என் குரல் நாற்பது பேரைக் கூப்பிட்டு, எப்போதோ போய்விட்ட யானைக்காக அவர்களை ஓட வைத்தது. எஸ்டேட்டிலிருந்து புகார் வந்தது. நான் அந்த ஒரு மணி நேரத்தை மூன்று நிமிடமாகக் குறைத்தேன். அதற்கு மேல் தாமதமானது ஓரமாகப் போய் உட்காரும், யாரையும் கூப்பிடாது. "கச்சிதம்" என்றார் என் மேலாளர். அந்த ஒரு சொல்லை இரண்டு நாள் நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

திங்கட்கிழமை மூடுபனி ஜன்னல் வரை வந்திருந்தது. அம்மா கிளம்பும்போது, "இன்னிக்கி ஒம்பதுலதான் கொழுந்து" என்றாள். ஏழரைக்கு மஸ்டரில் பேர் கூப்பிட்டு, ஏழே முக்காலுக்கு இறங்குவார்கள். மஸ்டர் திடலில் சிக்னல் உண்டு. ஒன்பதாம் நம்பர் பள்ளத்தில் கிடையாது.

எட்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது திரையைப் பார்த்தேன். எல்லாப் பெட்டிகளும் பச்சை. வரிசையில் தேங்கியது எதுவும் இல்லை. மூலையில் மட்டும் 'தாமதம்' என்ற இடத்தில் ஒன்று என்று இருந்தது. சும்மாதான் திறந்தேன்.

ஒன்பதாம் நம்பருக்குக் கீழே, ஓடைக்கரை. ஒரு தாய் யானை, ஒரு குட்டி. வாச்சர் பொத்தானை அழுத்தியது ஆறு ஐம்பதுக்கு. எங்களுக்கு வந்தது ஏழு இருபதுக்கு.

அந்த அரை மணி நேரம் என்னவென்று எனக்கு உடனே தெரிந்தது. அங்கே சிக்னல் இல்லை. ஓடையிலிருந்து மேலே ஒரு பாறை வரை ஏறினால்தான் போன் உயிர் பெறும். கொரோனா காலத்தில் கல்லூரி வகுப்பெல்லாம் குடையைப் பிடித்துக்கொண்டு அதே பாறையில் உட்கார்ந்துதான் கேட்டேன். மூன்று நிமிடம் என்று எழுதிய கை அந்தக் குடையைப் பிடித்திருந்த கைதான்.

ஏழு இருபதுக்கே என் குரல் போயிருந்தால் எல்லோரும் திடலில்தான் இருந்திருப்பார்கள்.

அம்மாவைக் கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. சூப்பர்வைசருக்கும் அதே பதில். கூப்பிடுவதால் பயனில்லை என்று தெரிந்தும் இன்னொரு தடவை கூப்பிட்டுவிட்டு ஓடினேன். எதிரே பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கத்தினால் யானை மிரளுமோ, கத்தாவிட்டால் அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று புரியாமல், வாயைத் திறப்பதும் மூடுவதுமாக ஓடினேன். குட்டியோடு இருக்கும் யானை பற்றி இங்கே யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எட்டாம் நம்பர் திருப்பத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பெண்கள் மேலேறி வந்துகொண்டிருந்தார்கள். எண்ணினேன். பதினோரு பேரும் இருந்தார்கள். அம்மா கடைசியில், முழங்காலில் ரத்தத்தோடு, நொண்டி வந்தாள். தண்ணீர் வடியும் கானுக்குள் எல்லோரும் குதித்துக் குப்புறப் படுத்திருக்க, யானையும் குட்டியும் தேயிலைக்கு நடுவே கடந்து போயிருந்தன.

அடுத்த வீட்டு அத்தைக்கு ஒரு செருப்பு இல்லை. என்னைக் கண்டதும் பிடித்துக்கொண்டாள்.

"வாடியம்மா கன்டெய்னர் டிரைவரு! சூடா ஆனச்சாணி கெடக்கு, நிப்போம்னு நான் தலபாடா அடிச்சேன். உங்கம்மாதான், 'எம்மக போன் வரல, அப்ப ஆனை இல்ல'ன்னு முன்னால எறங்குனா."

நான் அதுவரை நினைத்துப் பார்க்காதது அது. என் அழைப்பு யானையைச் சொல்லும் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். அழைப்பு வராததும் அம்மாவுக்கு ஒரு சேதி. வழி பத்திரம் என்று நான் சொல்லாமல் சொன்ன சேதி.

அம்மா போனை உள்ளங்கையில் தட்டிக்கொண்டிருந்தாள். "அவ கூப்புட்டிருப்பா. இந்தச் சனியந்தான் கெட்டுப்போச்சு. நேத்தே சார்ஜு நிக்கல."

தலையை ஆட்டினால் போதும், அன்றைக்குத் தப்பித்திருப்பேன். அம்மா எனக்காக ஒதுங்கி வழிவிட்டு நின்றது போல இருந்தது.

"போன் நல்லாத்தான் இருக்கும்மா. வாச்சர் சொல்லிட்டாரு. நான்தான் லேட்டுன்னு ஒதுக்கிட்டேன். தப்பு என்னுது."

அத்தை தன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டாள். அம்மா என் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "எல்லாருக்கும் முன்னாலயா சொல்லணும்?"

அன்று மதியத்துக்குள் மேலாளரிடம் நடந்ததைச் சொல்லி மாற்றி எழுதினேன். தாமதமாக வருவதையும் புரோகிராம் இனி ஒதுக்காது. 'அரை மணிக்கு முன்னால பாத்தது' என்று வயதைச் சேர்த்துச் சொல்லும். இன்னொன்றும் சேர்த்தேன். தகவல் இல்லாத நாளிலும் மஸ்டர் நேரத்தில் ஒரு அழைப்பு போகும். அதற்கான வாசகத்தை மூன்று முறை அழித்துப் பதிந்தேன். "நான் முழிச்சிருக்கேன். ஆனை பத்தி இதுவரைக்கும் தகவல் இல்ல. இல்லைன்னு அர்த்தம் இல்ல. பாத்து எறங்குங்க. இந்தப் போன் வரலைன்னா எறங்காதீங்க."

மறுநாள் அழைப்பு போய்ச் சேர்ந்ததா என்று திரையில் பதினோரு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தேன். அம்மா எடுத்திருந்தாள். முழுதாகக் கேட்டிருந்தாள்.

சாயங்காலம் அவளாகவே சொன்னாள். "கூப்புட்ட. கேட்டேன். அப்புறமும் மேட்டுல நின்னு, காது குடுத்துப் பாத்துட்டுத்தான் எறங்குனோம்."

"நீ சாப்பிட்டியான்னு கேக்கலையா?"

"அது நீ இல்லைல்ல" என்றாள் அம்மா, முழங்கால் கட்டை அவிழ்த்துக்கொண்டே.

எனக்குச் சுருக்கென்றது. இனி என் குரலை மட்டும் நம்பி இறங்க மாட்டாள், அது நல்லது என்றும் தோன்றியது. இரண்டும் இன்னும் தீரவில்லை. தினமும் ஏழரைக்கு அந்தப் பதினோரு பேரையும் எண்ணுகிறேன்.