திரும்பி வந்தவர் யார்?

போன வாரம் செமாபோக்கிலிருந்து நண்பர் சின்னையா ஓர் ஒப்பந்தத் தாளோடு வந்தார். புருனேயில் வேலை. இரண்டு வருஷம். தங்க இடம் இலவசம், சாப்பாடு இலவசம். கையெழுத்துப் போடலாமா என்று கேட்டார்.

நான் தாளைத் தொடவே இல்லை. இதே ஏஜென்ட் அனுப்பி, வேலை முடிந்து திரும்பி வந்த ஒருவரை முதலில் காட்டச் சொல்லுங்கள் என்றேன். மனுஷனுக்கு முகம் சுண்டிவிட்டது. உங்களுக்கு எதிலும் சந்தேகம்தான் என்று காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சந்தேகம்தான்... எனக்கு அது ஜப்பான்காரன் காலத்தில் வந்தது. அதை வெளியே சொல்லத்தான் ஒரு ராத்திரி தாமதித்துவிட்டேன்.

அப்போது நான் காஜா பெராங்கில் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதும் கிராணி. மளிகைக் கடை என்றுதான் பேர் — அரிசி கிடையாது. எல்லார் வீட்டிலும் மரவள்ளிக்கிழங்கு. ஒரு நாள் கடைச் சுவரில் தமிழில் நோட்டீஸ் ஒட்டினார்கள். சயாமில் ரயில் பாதை போடும் வேலை. மூன்றே மாதம். சம்பளம், மருந்து, வீட்டுக்கு அரிசி!

கம்போங் செட்டி என்ற பக்கத்துக் கிராமத்துக் கோபால் பிள்ளை அதன் எதிரே வந்து நின்றார். நெற்றியில் திருநீறு, பேச்செல்லாம் மலாய். தலைமுறை தலைமுறையாக மலாயே பேசிவந்த அந்தக் கம்பத்துத் தமிழர்கள் பலருக்கும் தமிழ் புரியாது, படிக்கவும் வராது. என்னைப் படித்துச் சொல்லச் சொன்னார். ஒரு வரி விடாமல் மலாயில் சொன்னேன்.

ஆள் சேர்க்கும் கங்காணி பக்கத்திலேயே நின்றான். காலில் புது பூட்ஸ் — அந்தப் பஞ்சத்தில்! முதல் கூட்டம் போய் ஐந்து மாதம் ஆச்சே, அவர்கள் எங்கே என்று அவனைத் தமிழில் கேட்டேன்.

"நல்ல சாப்பாடுங்க கிராணி. வர மனசில்லாம அங்கேயே இருந்துட்டானுங்க."

ஒருத்தருக்குக்கூடவா மனசில்லை? பெண்டாட்டி பிள்ளையை விட்டுப் போனவனுக்கா? என்ன சொல்கிறான் என்று பிள்ளை என் முகத்தைப் பார்த்தார். கங்காணியும் பார்த்தான். ஜப்பான்காரனிடம் ஆட்களைக் காட்டிக் கொடுக்கிறவன் என்று அவனுக்குப் பேர். சாப்பாடு நல்லா இருக்காம் என்று மட்டும் பிள்ளையிடம் சொன்னேன். பயம், வேறென்ன?

மறுநாள் அவர் வீட்டுக்கே போய் மிச்சத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். போனேன். விடியும்போதே லாரி ஏறிவிட்டிருந்தார்.

மூன்று மாதம் தாண்டியும் பிள்ளை வரவில்லை; போகிப் பண்டிகை வந்தது. அன்று கம்போங் செட்டியில் வீட்டுக்கு வீடு, இறந்துபோனவர்களுக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். பிள்ளையின் மனைவி பாக்கியம் கடைக்கு வந்தார். குரலை உயர்த்தாமல், மலாயில்தான் கேட்டார்.

"கிராணி, அவருக்கும் இலை போடவா, வேணாமா? நோட்டீஸப் படிச்சது நீங்கதானே."

போட்டால், புருஷன் செத்துவிட்டார் என்று பாக்கியமே ஒத்துக்கொண்டதாகும். போடாமலிருந்து, ஒருவேளை செத்திருந்தால்... புருஷனைப் பட்டினி போட்டதாகும். கணக்குப் புத்தகத்தைத் திறந்து எழுதுகிறவன் மாதிரி குனிந்துகொண்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சின்னையா, கோபத்தை விட்டுட்டு வாங்க, புதுக் காப்பி போடச் சொல்கிறேன். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்புகிற மற்றவர்களும் கேளுங்கள். தாளில் எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படித்துச் சொல்வார்கள், நான் சொன்ன மாதிரி. போய்த் திரும்பி வந்தவர் யார் என்று கேளுங்கள். விலாசம் வாங்குங்கள். நேரே போய் அந்த ஆளைப் பாருங்கள்.

ஜப்பான்காரன் போய்ப் பல வருஷமாகிவிட்டது. பாக்கியம் ஒவ்வொரு போகிக்கும் ஓர் இலையைக் கூடுதலாக அறுத்து, கழுவி, விரிக்காமல் சுருட்டியே வைத்திருக்கிறார்.