மூன்றாம் வகுப்பு மாதாவின் வலது கை

எங்கள் பள்ளியில் வெள்ளிக்கிழமை என்றால் வெள்ளைக் கைக்குட்டை. கடைசிப் பீரியடில் பிரின்சிபல் சிஸ்டர் அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டு வகுப்பு வகுப்பாக வருவார். ஜன்னல் கம்பியைத் தடவுவார், மேசைக்கு அடியில் தடவுவார், கரும்பலகையின் தலையில் தடவுவார். எந்த வகுப்பில் கைக்குட்டை வெள்ளையாகவே இருக்கிறதோ, அந்த வகுப்புக்கு மாதா சுரூபம் வரும். ஒரு முழ உயரம், நீல முக்காடு. அடுத்த வெள்ளிவரை அங்கேதான் வாசம்.

ஹைதராபாத் நாச்சாரத்தில் இரண்டு ஃபாக்டரிச் சுவர்களுக்கு நடுவே ஒண்டிக்கொண்டிருக்கிற பள்ளி அது. ஒன்றிலிருந்து ஐந்து வரைதான். நாலாம் வகுப்பு வாசலிலிருந்து என் மூன்றாம் வகுப்பு வாசலுக்குப் பதினோரு எட்டு. பதினோரு எட்டில் என்ன பவனி நடத்துவது? அதனால் மாதாவைத் தூக்கிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை ஒரு சுற்று, சைக்கிள் ஷெட்டை ஒரு சுற்று, வாட்ச்மேன் காயப்போட்ட பனியன்களுக்கு அடியில் எல்லாரும் குனிந்து ஒரு சுற்று. பாட்டு முடியவில்லை என்றால் இன்னொரு சுற்று. வெயிலில் எனக்குக் கண் இருட்டும். ஆனால் முகத்தில் பக்தி குறையக் கூடாது, சிஸ்டர் பார்த்துக்கொண்டே வருவார்.

என் வகுப்பில் முப்பத்துநாலு பிள்ளைகள். கத்தோலிக்கப் பிள்ளைகள் ஆறு பேர். அந்த ஆறும் மாதாவைப் பார்த்தால் போகிற போக்கில் ஒரு சிலுவை போட்டுவிட்டுப் போய்விடும். மற்ற இருபத்தெட்டும்தான் பக்தியில் உருகும். ஒருத்தன் தினம் செண்டுமல்லி மாலை கொண்டுவருவான். ஒருத்தி குங்குமம் வைப்பாள். இன்னொருத்தி அவள் அப்பா கடையிலிருந்து பஞ்சில் அத்தர் நனைத்து வந்து மாதாவின் காலடியில் வைப்பாள். வாஸ்து பார்க்கிறவர் மகன் ஒருவன் இருந்தான். மாதா தெற்கே பார்க்கக் கூடாது டீச்சர், வகுப்புக்கே ஆகாது என்று ஒற்றைக்காலில் நின்றான். சரி போ என்று கிழக்கே திருப்பி வைத்தேன். அன்றைக்கு டிக்டேஷனில் அவனுக்குப் பத்துக்குப் பத்து வந்துவிட்டது. அப்புறம் அவன் வாயை யார் மூடுவது?

நான் அங்கே சேர்ந்து அது முதல் வருஷம். அதற்கு முன்னால் மூன்று பள்ளிகளில் பதினோரு வருஷம் டெம்பரரி. ஒவ்வொரு ஏப்ரலிலும் சிரித்துக்கொண்டே, கூப்பிடுகிறோம் மேடம் என்பார்கள். எவர் கூப்பிட்டார்? ஜூன் வந்தால் பயோடேட்டாவைத் தூக்கிக்கொண்டு ஏ.எஸ்.ராவ் நகரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஏறி இறங்குவேன். இந்தப் பள்ளியில் மட்டும்தான், ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் மார்ச்சில் பெர்மனன்ட் ஆர்டர் என்று சிஸ்டர் வாயால் சொன்னார். அந்த ஆர்டர் டைப் ஆகி அவர் மேசைமேல் கையெழுத்துக்குக் காத்திருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். அது பிப்ரவரி கடைசி. இன்னும் ஒரு மாதம் எதிலும் மாட்டாமல் இருந்தால் போதும்.

மாட்டாமல் இருந்தேனா? ஒரு செவ்வாய்க்கிழமை, பிள்ளைகள் சாப்பாட்டு இடைவேளைக்கு வெளியே போயிருந்தார்கள். மாதாவின் நெற்றிக் குங்குமம் வழிந்து மூக்குவரை வந்திருந்தது. சிஸ்டர் பார்த்தால் வம்பு என்று ஈரத்துணியால் துடைத்தேன். வழுக்கியது. பிடித்துவிட்டேன், மாதாவை முழுசாகப் பிடித்துவிட்டேன். ஆனால் ஆசீர்வதிக்கிற வலது கை மட்டும் மேசை விளிம்பில் பட்டு, மணிக்கட்டோடு டக்கென்று கழன்று டஸ்டர் பக்கத்தில் விழுந்தது. என் உயிர் என்னிடம் இல்லை. கிராஃப்ட் அலமாரியிலிருந்து பசையை எடுத்தேன், ஒட்டினேன், அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே அழுத்திப் பிடித்தேன். மணி அடித்தது. கையை எடுத்துப் பார்த்தால், அடப்பாவி, தலைகீழாக ஒட்டியிருக்கிறேன்.

கீழ்நோக்கி இருந்த உள்ளங்கை இப்போது மேலே பார்த்தது, ஐந்து விரலும் விரிந்து. எங்கள் ஹைதராபாதில் கையை அப்படித் திருப்பிக் காட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். என்ன? இந்த ஊர் உருதுவில் 'கைக்கு?', அதாவது ஏன்? எதுக்கு இப்படிப் பண்ணே? ஆட்டோக்காரர் முதல் ஐந்து வயசுப் பிள்ளைவரை எல்லாரும் அப்படித்தான் கேட்பார்கள். இழுத்துப் பார்த்தேன். முறுக்கிப் பார்த்தேன். அந்தப் பசையைச் செய்தவன் நாசமாகப் போக, அசையவே இல்லை.

முதலில் உள்ளே வந்த பயல் மாதாவைப் பார்த்தான், நின்றுவிட்டான். "பானி பீனே கயா தா, மாதா. சச்சி," என்றான். தண்ணீர் குடிக்கத்தான் போனேன், சத்தியமாக. அடுத்து வந்தவள் தன் பென்சில் பாக்ஸைத் திறந்து, வேறு யாருடையதோ ஒரு ரப்பரை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். ஐந்து நிமிஷத்தில் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மாதா தானே கையைத் திருப்பிவிட்டார்கள், நம்மைத்தான் கேட்கிறார்கள் என்று.

அன்றிலிருந்து என் வகுப்பில் காகித ராக்கெட் பறக்கவில்லை. யாரும் யாரையும் கிள்ளவில்லை. குப்பையைக் கீழே போடக் கை நீட்டுகிறவன் மாதாவைப் பார்ப்பான், "நக்கோ, நக்கோ" என்று, வேண்டாம் வேண்டாமென்று, முணுமுணுத்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். வாய்ப்பாட்டை நான் கேட்காமலே ஒப்பிக்கிறார்கள். பதினோரு வருஷம் தொண்டை கிழியக் கத்தி நான் சாதிக்காததை, தப்பாக ஒட்டிய ஒரு கை சாதித்துவிட்டது. வெள்ளிக்கிழமை கைக்குட்டையில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. மாதா எங்களுக்கே. அடுத்த வெள்ளியும் எங்களுக்கே. இரண்டு வெள்ளியும் சிஸ்டர் வருவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால், அந்தக் கை தெரியாதபடி செண்டுமல்லி மாலையைத் தடிமனாகச் சுற்றிவைத்தது யார்? நான்தான். வேறு யார்? பிள்ளைகளும் வெளியே மூச்சு விடவில்லை. சொன்னால் நாலாம் வகுப்பு வந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம்.

மூன்றாவது வெள்ளி செண்டுமல்லிப் பயலுக்குக் காய்ச்சல். மாலை இல்லை. சிஸ்டர் கைக்குட்டையோடு வந்தார், திரும்பினார், மாதா அவரைப் பார்த்து, என்ன என்று கேட்டார்கள். சிஸ்டர் ஒரு நொடி அப்படியே நின்று, பதில் சொல்லப்போகிறவர் மாதிரி வாயைத் திறந்தார். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

திங்கள்கிழமை அசெம்பிளியில் அறிவித்தார். யார் உடைத்திருந்தாலும் தன் அறைக்கு வந்து உண்மையைச் சொல்லலாம், தண்டனை கிடையாது. ஸ்டாஃப் மீட்டிங்கில் அறிவித்தது வேறு. நான் சேர்ந்த நாளிலிருந்து தன் மலையாளத்தைத் தமிழ் என்று நினைத்து என்னிடம் பேசுகிறவர், அன்றைக்கு எல்லாருக்குமாக இங்கிலீஷில் தெளிவாகச் சொன்னார். பிள்ளை உடைத்திருந்தால் மன்னிப்பேன், டீச்சர் உடைத்துவிட்டு மறைத்திருந்தால் ஏப்ரலில் அவர் இங்கே இருக்கமாட்டார். நான் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினேன். எவ்வளவு நியாயமான பேச்சு என்கிற முகத்தோடு ஆட்டினேன், அதுதான் இன்னும் கேவலம்.

அன்று மதியமே ஒன்றாம் வகுப்புப் பொடியன் ஒருவன் போய், நான்தான் உடைத்தேன் என்று சொல்லியிருக்கிறான். என் வகுப்புக்குள் கால் வைத்தே அறியாதவன். அவன் தைரியத்தை மெச்சி சிஸ்டர் ஒரு சாக்லேட் கொடுத்துவிட்டார். முடிந்தது கதை. செவ்வாய்க்கிழமை ஒன்பது பேர் உடைத்திருந்தார்கள். புதன்கிழமை பிரின்சிபல் அறை வாசலில் க்யூ. உண்மை சொல்ல வருகிற பிள்ளையைப் பொய்யென்று துரத்த நான் யார் என்று சிஸ்டர் ஒரு டப்பா சாக்லேட்டே வாங்கி வைத்துவிட்டார்.

வியாழன் எனக்கு மறைக்கல்வி வகுப்பு. அந்த ஆறு பிள்ளைகளுக்கும் மறுவாரம் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள்; அதற்கு முன்னால் ஃபாதரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற முதல் பாவசங்கீர்த்தனம். ஒத்திகை பார்க்கவேண்டும். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு, ஃபாதர் மறைவாக உட்கார்ந்து கேட்கிற அந்த மரக்கூண்டுக்கு, நான் எங்கே போவேன்? இந்தியா மேப்பை ஸ்டாண்டில் மாட்டி அதற்குப் பின்னால் ஃபாதராக நான் உட்கார்ந்தேன். முன்னால் வங்காள விரிகுடாப் பக்கம் பிள்ளைகள் முட்டிபோட்டார்கள். நிஜப் பாவம் எதையும் என்னிடம் சொல்லக் கூடாது, அதை ஃபாதரிடம்தான், இங்கே சும்மா ஏதாவது சொல்லுங்கள் என்று பத்துத் தடவை சொல்லியிருந்தேன்.

"மாதா கையை உடைச்சேன், ஃபாதர்," என்றான் முதல் பையன்.

இரண்டாவது பெண்ணும் உடைத்திருந்தாள். மூன்றாவதும். நாலாவது கல்லால் உடைத்திருந்தான். மேப்புக்குப் பின்னால் எனக்கு வேர்த்து ஊற்றுகிறது. ஏன்டா எல்லாரும் இதையே சொல்கிறீர்கள் என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். அம்மா பேச்சைக் கேட்கவில்லை என்று சொன்னால் ஃபாதருக்குத் தூக்கம் வந்துவிடுமாம், பெரிசாக ஒன்று வேண்டுமாம். ஐந்தாவது பையன், "நான் உடைக்கல, ஃபாதர், அது பாவமா?" என்று அழ ஆரம்பித்துவிட்டான். சிரிப்பை அடக்க நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

ஆறாவதாக ஒருத்தி வந்து முட்டிபோட்டாள். ஒல்லியாக, இரட்டைப் பின்னலோடு, வகுப்பில் இருக்கிற இடம் தெரியாத பெண். மேப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"நான் புதுநன்மை வாங்க மாட்டேன், டீச்சர்."

"ஏன்மா? அம்மா வெள்ளை கவுன் தைச்சாச்சுன்னு சொன்னாங்களே?"

"அன்னிக்கு சாப்பிடப் போறதுக்கு முன்னாடி மாதாவுக்கு ஷேக்ஹேண்ட் கொடுத்தேன். கொஞ்சம் ஜோரா, பலமா குலுக்கிட்டேன். திரும்பி வந்து பார்த்தா கை திரும்பியிருக்கு. எல்லாரையும் கேக்கறாங்கன்னு சொல்றாங்க. நக்கோ டீச்சர், என்னைத்தான் கேக்கறாங்க."

இவள் சிஸ்டரின் க்யூவில் நிற்கவில்லை. சாக்லேட் வேண்டுமென்று சொல்லவில்லை. மூன்று வாரமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு என் முன்னால் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. எனக்கு என்மேல் வந்த ஆத்திரத்தில் மேப்பைக் கிழித்துப் போட்டிருப்பேன்.

நேராக பிரின்சிபல் அறைக்குப் போனேன். க்யூவில் எனக்கு முன்னால் ஏழு பேர். நின்றேன். உள்ளே போனதும் ஒரே மூச்சில் சொன்னேன். "சிஸ்டர், கையை உடைச்சது நான்தான். ஒட்டினதும் நான்தான். மாலையைச் சுத்தி மறைச்சதும் நான்தான்."

சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண் கலங்கியது. "டீச்சரே," என்றார், "இந்தப் பிள்ளைகளைக் காப்பாத்த நீங்க பழியை ஏத்துக்கறீங்க. எனக்குத் தெரியாதா?"

"இல்ல சிஸ்டர், நிஜமாவே நான்தான்."

"மூணு வாரமா ஸ்கூல்லயே சுத்தமான வகுப்பு உங்களோடது. நீங்களா மறைப்பீங்க?" என்று சிரித்துக்கொண்டே அந்த ஆர்டரை இழுத்து, என் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி நீட்டினார்.

இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் என் கை நீண்டு அந்தக் காகிதத்தை வாங்கிவிட்டது. தேங்க் யூ சிஸ்டர் என்று வேறு சொன்னேன். பதினோரு வருஷம் காத்திருந்த காகிதம். வராந்தாவில் நின்று என் பெயருக்குக் கீழே பெர்மனன்ட் என்று இருக்கிறதா என்று இரண்டு முறை படித்துப் பார்த்துக்கொண்டேன்.

அந்தப் பெண்ணைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப் போனேன். "இங்க பாரு கண்ணு, நீ உடைக்கலை. நான் துடைக்கும்போது உடைஞ்சது. நான்தான் தப்பா ஒட்டினேன். உன்மேல ஒரு தப்பும் இல்லை."

"நிஜமா?"

"சத்தியமா."

துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் தன் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப நான் தினம் முட்டிபோட்டு அம்பது அருள்நிறை மரியே சொன்னேனே டீச்சர். லஞ்சுல முட்டையை வேற பக்கத்துப் பொண்ணுக்குக் கொடுத்துட்டேன். டிவி பார்க்கல. அதெல்லாம்?"

அவள் யோசித்தாள். முட்டியில் காய்ப்பு ஏறியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். பிறகு அவள் முகம் தெளிந்தது. எனக்கு நல்ல சேதி சொல்கிற சந்தோஷத்தோடு என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"பரவாயில்ல டீச்சர். அப்ப உங்க பரிகாரம் எல்லாம் முடிஞ்சுபோச்சு. நான் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு விளையாட ஓடிவிட்டாள். நான் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றுகூட நினைக்காமல், விசும்பி விசும்பி அழுதேன்.