அலை தெரியாத கத்தி

மருமகள் இணையத்தில் ஒரு கத்தி வாங்கினாள். தகடு முழுக்க அலை அலையாகக் கோடுகள். எத்தனையோ அடுக்கு இரும்பை அடித்துச் சேர்த்தது என்று பெட்டிமேல் எழுதியிருந்தார்கள். மூன்று மாதம் பாத்திரம் துலக்கும் நாரால் தேய்த்ததில் அலைகள் பிடிப்பக்கமாக ஒதுங்கி, அப்புறம் காணாமலே போய்விட்டன. "மாமா, பிரிண்ட் பண்ணி ஏமாத்திட்டானுங்கலா" என்று கத்தியைக் கொண்டுவந்து காட்டினாள். அச்சுதான். அச்சு எத்தனை நாள் தாங்கும் என்று முப்பது வருடம் தமிழ்ப் பத்திரிகையில் இருந்தவனிடம் வந்து கேட்டால் நான் என்ன சொல்வது? நாங்கள் அச்சடித்ததெல்லாம் மறுநாள் மீன் மடிக்கப் போனது.

கத்தியை முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. நிஜமான அடுக்குக் கத்தி என்றால் என் மூக்குக்கு முறுக்கு வாசனை வர வேண்டும். சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

அப்போது நான் மலாக்கா நிருபர். தெங்கேராவில் ஒரு சீனர் கடைக்கு மேல் ஓர் அறைதான் அலுவலகம். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, மழை பெய்தால் ஒரு வாளி. ஞாயிறு மலரைக் கவனித்தவர் கோலாலம்பூரிலிருந்து அழைத்தார். "திருவிழா, பரிசளிப்பு, திருவிழா, பரிசளிப்புன்னே அனுப்புறீங்களே. ஏதாச்சும் வித்தியாசமா அனுப்புங்கலா." யாரோ சொன்னார்கள், தங்கா பத்துவில் ஓர் இடைநிலைப் பள்ளி வேதியியல் ஆசிரியர் பொழுதுபோக்காக இரும்படிக்கிறார் என்று. ஒரு மணி நேர வேலை என்று நினைத்துக் கிளம்பினேன். எட்டு மாதம் ஆனது.

மாணிக்கம் சாருக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, மூக்குக்கண்ணாடி, முழங்கைவரை மடித்த பள்ளிச் சட்டை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை. அதில் பழைய எரிவாயு உருளையைப் பாதியாக அறுத்துச் செய்த உலை. நெருப்புக்குக் காற்று கொடுத்தது அவர் மனைவி புஷ்பா அக்காவின் ஹேர் டிரையர். செம்பனை எண்ணெய் ஆலையில் பழக்கூண்டு வண்டிகள் ஓடும் தண்டவாளத்தில் ஒரு முழத் துண்டு, அதுதான் இரும்பை வைத்து அடிக்கும் பட்டடை. குரு யார் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்துக் காட்டினார். ஏதோ ஒரு பனிநாட்டில் இடுப்புவரை தாடி வைத்த ஒருவர், ஒரு வார்த்தை பேசாமல் இரும்படித்துக்கொண்டிருந்தார்.

நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கத்தியோடு பால்மரம் வெட்டப் போகிறவர்கள் வீட்டில் பிறந்தவர் மாணிக்கம் சார். அங்கேயே தங்கிவிட்ட அண்ணன் கொட்டகையைப் பார்த்துவிட்டு, "கத்தியத் தூக்கக் கூடாதுன்னுதானே உன்ன படிக்க வச்சாங்க?" என்று கேட்டாராம். நானும் பேனாவைத் திறந்து அதையேதான் கொஞ்சம் மரியாதையாகக் கேட்டேன். ஏன் சார் இது?

"இருபத்தாறு வருஷமா போர்டுல எழுதுறேன் தம்பி. மணி அடிச்சா அழிக்கிறேன். கையால ஒண்ணு செஞ்சு, அது இருக்கணும். அவ்வளவுதான்."

நல்ல மேற்கோள். எழுதிக்கொண்டேன். இனி கத்தியின் படம் ஒன்று போதும், கட்டுரை முடிந்துவிடும் என்று எண்ணினேன். கத்தி எங்கே சார் என்றேன். கத்தி லாரிப் பட்டையாகவும் ரம்பமாகவும் தரையில் கிடந்தது.

முறை கேட்க எளியது. லாரி ஸ்பிரிங் பட்டையில் வெட்டிய துண்டு ஒன்று, மர ஆலையில் கழித்துப்போட்ட ரம்பத்தின் துண்டு ஒன்று என மாற்றி மாற்றி ஏழு அடுக்கு. கம்பியால் கட்டி, வெண்காரம் தூவி, மஞ்சளும் வெள்ளையுமாகக் கண் கூசும்வரை சூடேற்றி அடித்தால் ஏழும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். அதை நீட்டி, மடித்து, மறுபடி அடித்தால் பதினான்கு. பிறகு இருபத்தெட்டு. கடைசியில் அமிலத்தில் முக்கினால் லாரி இரும்பு கறுக்கும், நிக்கல் கலந்த ரம்ப இரும்பு வெளுப்பாகவே இருக்கும். அலை தெரியும்.

பழைய இரும்புக் கடைக்குப் போக அவருக்குச் சனிக்கிழமைதான் ஒழியும். சனிக்கிழமை இரும்பு வாங்கி வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது புஷ்பா அக்காவின் சட்டம். எனவே வாங்கிய இரும்பு ஒரு நாள் என் காரில் விருந்தாளியாக இருந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள் போகும். என் காரைச் சனி பிடித்தால் பரவாயில்லை போலும். அதன் பிறகு கியர்பாக்ஸ் போனது. நான் யாரையும் குறை சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் என் கையில் சுத்தியலைக் கொடுத்துவிட்டார். "மெதுவா தட்டுங்க, மொத அடி ஒட்ட வைக்கத்தான்" என்றார். நான் ஓங்கி ஒன்று போட்டேன். மழையில் நனைந்த அட்டைபோல ஏழு அடுக்கும் பிரிந்து நின்றன. அவர் கோபப்படவில்லை. "பேப்பர்காரங்க தட்டினா பக்கம் பக்கமாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஏழு துண்டை அடுக்கினார்.

புஷ்பா அக்காவுக்கும் ஒரு நியாயம் இருந்தது. அவர் எலுமிச்சை ஊறுகாய் போட்டு விற்பவர். தீபாவளி நெருங்கினால் தொலைக்காட்சிக்கு மேல் போத்தல், படிக்கிற மேசைக்கு அடியில் போத்தல், சோபாவில் உட்காரப் போனால் அங்கேயும் போத்தல். அவருக்கு அந்தக் கொட்டகை வேண்டும். ஒரு சனிக்கிழமை ஹேர் டிரையரைத் தேடி வந்தவர் வாசலில் நின்றபடியே தீர்ப்பு சொன்னார்.

"இந்தா பாருங்க. தீபாவளிக்குள்ள கத்தி வரணும். நீங்க சொன்னீங்களே அலை, அதோட வரணும். வரலன்னா கொட்டா எனக்கு. தம்பி, நீங்க சாட்சி, எழுதிக்குங்க."

எழுதிக்கொண்டேன். சார் தலையைக் குனிந்து இரும்பைத் திருப்பிப் போட்டார். பள்ளி அவருடையதல்ல, வீடு அக்காவுடையது. எட்டடிக்குப் பத்தடி தகரம்தான் அவர் பெயரில் இருந்தது.

அதன் பிறகு நானும் விளையாட்டாக அடிக்கவில்லை. ஏழு பதினான்காகி, நூற்றுப் பன்னிரண்டும் ஆனது. நீட்டி, வளைவு கொடுத்து, கத்தி உருவம் வந்ததும் சிவக்கச் சூடேற்றி எண்ணெயில் முக்கினார். அது அக்கா முறுக்கு சுட்டு ஒதுக்கிய எண்ணெய். சொய்யென்று புகை எழும்பி வட்டாரம் முழுக்க முறுக்கு மணந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரர் பாக் ஹசான் வேலிக்கு மேல் தலையை நீட்டி, இந்த வருடம் தீபாவளியை முன்னால் வைத்துவிட்டார்களா என்று மலாயில் கேட்டார்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்த சனிக்கிழமை அமிலத்தில் முக்கும் நாள். நான் கேமராவோடு வந்திருந்தேன். கடல் காற்றுக்கு இரும்பு ஒரே நாளில் துருப்பிடிக்கும் ஊர் அது. அதனால் தீட்டி மெருகேற்றிய கத்திக்கு, பிள்ளைக்குத் தலை தடவுவதுபோலத் தேங்காய் எண்ணெய் தடவி வைத்திருந்தார். அதை எடுத்துக் கரைசலில் இறக்கினார். பத்து நிமிடம் கழித்து எடுத்தார். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் திட்டு, அலை இல்லை. மறுபடி இறக்கினார். இருபது நிமிடம் ஆனது. அப்போதும் இல்லை.

"சூடு அதிகமாப் போச்சு. உள்ளுக்குள்ள எல்லாம் ஒண்ணாக் கலந்துடுச்சு" என்றார். எட்டு மாதத்தில் அவர் குரல் இறங்கி நான் கேட்டது அன்றுதான்.

இருந்தாலும் வாக்கு வாக்குதான். கத்தியை நன்றாகத் துடைத்து, மறுபடி எண்ணெய் போட்டு, பரிசளிப்பு விழாவில் கொடுப்பதுபோல இரண்டு கையிலும் ஏந்தி அக்காவிடம் நீட்டினார்.

"கீழ வைங்க. கத்திய கைக்குக் கை வாங்குனா சண்டை வரும்."

மேசையில் வைத்தார். அக்கா எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். "பாசார் கடையில தொங்குதே, அதே கத்திதான்லா இது. இதுக்கா என் டிரையர் போச்சு?" சொன்ன பிறகு சாரின் முகத்தைப் பார்த்தார். கத்தியோடு உள்ளே போனார். நானும் விடைபெற்றுக்கொண்டேன்.

மறுநாள் காலை நான் போனது ஆறுதல் சொல்ல அல்ல. பதற்றத்தில் கேமராவை அங்கேயே விட்டு வந்திருந்தேன். சார் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். குறடுகளைச் சாக்கில் போட்டாகிவிட்டது. ஹேர் டிரையரின் கம்பியை, திருப்பிக் கொடுக்கிற பொருளைச் சுற்றுவதுபோல ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருந்தார். முற்றத்தில் அக்கா, பாக் ஹசான் வீட்டு மரத்து எலுமிச்சை ஒரு கூடையை வைத்துக்கொண்டு, அந்தக் கத்தியாலேயே வெட்டிக்கொண்டிருந்தார். பாதிக் கூடை முடிந்திருந்தது.

"ஏங்க, உங்க கத்தி நல்லாத்தான் வெட்டுது. ஆனா கறை பிடிக்குது. இருங்க, தேய்ச்சுப் பளிச்சுனு ஆக்கிடுறேன்" என்று கம்பி நாரைக் கையில் எடுத்தார்.

சார் திரும்பிப் பார்த்தார். கத்தியையும் பார்த்தார். அப்புறம் ஒற்றைச் செருப்போடு ஓடினார். "தேய்க்காத! புஷ்பா, தேய்க்காத!" வேலிக்கு மேல் பாக் ஹசானின் தலை எழும்பியது. அக்காவின் கை நாரோடு அந்தரத்தில் நின்றது.

தகட்டில் அலை இருந்தது. தங்கா பத்துக் கரையில் தண்ணீர் வற்றியதும் சேற்றில் வரி வரியாகக் கோடு நிற்குமே, அப்படி. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி வெள்ளி. சார் குனிந்து, மூக்கு கத்தியில் இடிக்கிற தூரத்தில் பார்த்தார்.

"நீ என்னா பண்ணுன?"

"என்னத்தப் பண்ணுறது? எண்ணெய்ப் பிசுக்கோட எலுமிச்சங்கா வெட்டுவாங்களா? சோப்பு போட்டு ரெண்டு தடவ கழுவுனேன், வெட்டுனேன்." அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். விஷயம் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏங்க, குத்துவிளக்குல எண்ணெய எடுக்காம புளி போட்டா வெளுக்குமா? நீங்க கெமிஸ்ட்ரி வாத்தியார்தானே?"

எண்ணெய்ப் படலத்துக்கு அடியில் அமிலம் வேலை செய்யாது என்பதை மாணிக்கம் சார் ஆண்டுதோறும் நான்காம் படிவ மாணவர்களுக்குப் போர்டில் எழுதி அழித்துக்கொண்டிருந்தவர். பாக் ஹசான், எங்கள் கிரிஸ் குறுவாளைக்கூட எலுமிச்சையில்தான் குளிப்பாட்டுவார்கள், சிகுவுக்கு, அதாவது வாத்தியாருக்கு, தெரிந்திருக்கும் என்று சும்மா இருந்தேன் என்றார். நட்பு கருதி இதில் எதையும் நான் கட்டுரையில் எழுதவில்லை. படம் கறுப்பு வெள்ளையில் வந்தது. எட்டு மாத உழைப்பு, மை அப்பிய கத்தரிக்காய்போல இருந்தது.

"கத்தி எனக்கு, கொட்டா உங்களுக்கு" என்றார் அக்கா, அன்றே. சாக்கிலிருந்த குறடுகள் சுவருக்குத் திரும்பின.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. கெடு போனதும் சாருக்கு வேகமும் போய்விட்டது. இரண்டு முறை உலை மூட்டினார், அப்புறம் இல்லை. கேட்டால் விடைத்தாள் என்பார், மழை என்பார். காலியாக இருந்த மூலைக்கு முதலில் ஒரு ஊறுகாய்ப் போத்தல் வந்தது. அதற்குத் துணையாக இன்னொன்று. சீனப் பெருநாளுக்குள் பட்டடை மேலேயே நான்கு நின்றன. நான் பார்த்ததை அக்காவும் பார்த்தார் போலும். ஒரு சனிக்கிழமை நான் போனபோது, அவர் அத்தனை போத்தலையும் திரும்ப வீட்டுக்குள் சுமந்துகொண்டிருந்தார்.

"போய்த் தட்டுங்கலா. சிகுவுக்கு உடம்பு முடியலையான்னு பக்கத்து வீட்டுல வந்து கேக்குறாங்க. எனக்கும் காதுக்குள்ள என்னமோ மாரி இருக்கு."

சார் உலை மூட்டினார். ஒரு பட்டைத் துண்டைச் சூடேற்றி அடித்தார், திருப்பினார், அடித்தார். அரை மணி நேரம் பார்த்தும் அது எந்த உருவத்துக்கும் வருவதாக இல்லை.

"என்ன சார் செய்றீங்க?"

"சத்தம், தம்பி" என்றார், கண்ணை எடுக்காமல்.

அவர் ஓய்வு பெறும்வரை சனிக்கிழமைதோறும் அந்தச் சத்தம் கேட்டது. பிறகு மகளோடு ஷா ஆலாமில் பதினான்காவது மாடிக்குப் போய்விட்டார்கள். அங்கே சுவரில் ஓர் ஆணி அடிக்கவே நிர்வாகத்துக்குக் கடிதம் எழுத வேண்டும். போன மாதம் தங்கா பத்து வழியாக வந்தபோது காரை நிறுத்திப் பார்த்தேன். வீடு சுற்றுலாக்காரர்கள் தங்கும் விடுதியாகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இரண்டு கார். பாக் ஹசானின் எலுமிச்சை மரத்தையும் காணோம். வாசலில் ஒரு பலகை, தங்குபவர்கள் சத்தம் போடக் கூடாது என்று மூன்று மொழியில். சனிக்கிழமை, காலை பத்து மணி. உள்ளே இருந்தவர்கள் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.