ஒரு குழுப்படத்துக்கான விளக்கம்

போரின் கடைசி ஆண்டுகளில் கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டைத் துப்புரவாக்குவது என்றால் தூசி தட்டுவது அல்ல. பக்கத்து ஒழுங்கையில் சுற்றிவளைப்பு என்று கேள்விப்பட்டதும் அலுமாரிகளைத் திறந்து, ஆமி கண்டால் கேள்வி கேட்கக்கூடிய எல்லாவற்றையும் அகற்றிவிடுவதற்கு அந்தப் பெயர். யாழ்ப்பாணத்துக் கடை நாள்காட்டி, ஊரில் எடுத்த கலியாண வீடியோ, சீருடை போட்ட எவருடைய படமும். எங்கள் அடுக்குமாடியில் கீழ்வீட்டுக்காரர் ஒரு புகைப்பட அல்பத்தைக் குளியலறையில் எரித்தார். புகை எங்கள் ஜன்னல்வரை வந்தது. யாரும் என்ன புகை என்று கேட்கவில்லை.

அப்படியொரு பின்னேரத்தில்தான் என் பிஸ்கற் பேணி அலுமாரியின் மேல்தட்டிலிருந்து இறங்கியது. கொட்டாஞ்சேனையில் நான் வளர்ந்த காலத்து வாலிபர் கழகத்தின் மிச்சங்கள் அதற்குள் இருந்தன: எனாமல் பூசிய ஒரு பட்ஜ், ஒரு விசில், நீலக் கரை போட்ட கழுத்துத்துணி, ஒரு குழுப்படம். எரிக்கச் சொல்லித்தான் மனைவி அதை இறக்கினாள். எரிக்கமுதல் பிள்ளைகளுக்கு ஒருதரம் காட்ட வேண்டும் என்று நான் சொன்னேன். அதுவரை அவர்கள் அதைக் கண்டதில்லை.

மகளுக்கு அப்போது ஒன்பது வயது. படத்தை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது நீங்களோ அப்பா? கால் ரெண்டும் ஈர்க்கு மாதிரி."

"இப்பவும் அப்பிடித்தான்," என்றாள் மனைவி. "சாரம் கட்டுறபடியா உங்களுக்குத் தெரியேல்லை."

எல்லோரும் சிரித்தோம். நான் சொல்லத் தொடங்கினேன். கழகத்தில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், பறங்கியர் எல்லோரும் இருந்தார்கள். சனிக்கிழமைகளில் முதலுதவிப் பயிற்சி. மாதா கோயில் திருவிழாவிலும் தேர்த் திருவிழாவிலும் வெயிலில் மயங்கி விழுகிறவர்களைத் தூக்கிக்கொண்டு போவது எங்கள் வேலை. ஒருமுறை ஒரு கொழுத்த மனிதரைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் ஸ்ரெச்சர் துணி கிழிந்து, அவர் தெருவில் விழுந்த அதிர்ச்சியிலேயே மயக்கம் தெளிந்து எழுந்து எங்களைத் திட்டினார். மகள் அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

மகனுக்குப் பதின்மூன்று. அவன் சிரித்து முடிந்த பிறகும் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பா, இவையள் எல்லாரும் துவக்கோட நிக்கிற மாதிரிக் கிடக்கு."

வாங்கிப் பார்த்தேன். காக்கிக் காற்சட்டை, தோளில் குறுக்கே தொங்கும் பை, பக்கத்தில் நிமிர்த்திப் பிடித்த நீளமான ஒன்று. துப்பாக்கிகள் அல்ல, சுருட்டிய ஸ்ரெச்சர்கள் அவை. ஆனால் படம் மங்கியிருந்தது. இத்தனை ஆண்டுகள் பத்திரிகை மேசையில் இருந்து மற்றவர்களின் படங்களுக்கு விளக்கம் எழுதிய எனக்கு, விளக்கம் இல்லாத படம் எதுவாகவும் ஆகும் என்பது தெரிந்திருக்க வேண்டும். மகன் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

"பிள்ளைக்கே அப்பிடித் தெரியுதெண்டா வாறவனுக்கு என்னெண்டு தெரியும்?" என்றாள் மனைவி. "தாங்கோ, அடுப்பிலை போடுறன்."

நான் கொடுக்கவில்லை. அந்தக் கழகத்தின் மண்டபத்தில் இப்போது யாரோ பிளாஸ்ரிக் வாளிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நாங்கள் எல்லோரும் ஒன்றாக நின்றோம் என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட அந்த ஒரு படம்தான் என்னிடம் இருந்தது. விளக்கம் சொன்னால் போதும் என்றேன்.

விளக்கம் சிங்களத்தில் சொல்லவேண்டும். கொழும்புத் தமிழ் வீடுகளில் அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு இது பழக்கம். வாசலில் ஆமி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்து வைப்போம்: எங்கே படிக்கிறாய், அப்பாவுக்கு என்ன வேலை, எப்போது கொழும்புக்கு வந்தீர்கள். அதோடு படத்தையும் சேர்த்தேன். என் சிங்களம் அரசாங்க அறிக்கைகளைத் தமிழாக்கிப் பெற்ற சிங்களம். கடையில் மீன் வாங்க அது சரிவராது. மகன் தெருப் பிள்ளைகளோடு கிரிக்கெட் விளையாடிப் பழகியவன், என்னைவிட நன்றாகக் கதைப்பான். இருந்தும் பிழை வரக்கூடாது என்று வசனங்களை நானே கட்டிக்கொடுத்தேன். தமிழில் சொன்னால்: இது எனது தந்தையார் அங்கத்துவம் வகித்த இளைஞர் கழகத்தின் முதலுதவிக் குழுவினர் எடுத்துக்கொண்ட நிழற்படமாகும். கையில் இருப்பவை நோயாளரைக் காவிச்செல்லும் சாதனங்களாகும். அவன் மூன்று நான்கு தரம் சொன்னான். திக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எங்கள் ஒழுங்கைக்கு வந்தார்கள். வீட்டுக்குள் வந்தவர்கள் ஒரு இளம் அதிகாரியும் இரண்டு சிப்பாய்களும். அதிகாரி சப்பாத்தைக் கழற்றட்டுமா என்பதுபோல வாசலில் ஒரு கணம் தயங்கினார், பிறகு அப்படியே வந்தார். அடையாள அட்டைகள், பொலிஸ் பதிவுத் துண்டு, என் பத்திரிகை அட்டை எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சரி. ஒரு சிப்பாய் பேணியைத் திறந்து படத்தை அவரிடம் நீட்டினான்.

அவர் என்னைக் கேட்கவில்லை. மகனைக் கேட்டார்.

மகன் நேராக நின்று சொன்னான். ஒரு சொல்லும் தவறவில்லை. எனது தந்தையார் அங்கத்துவம் வகித்த என்று தொடங்கி நோயாளரைக் காவிச்செல்லும் சாதனங்களாகும் என்று முடித்தபோது, ஒரு சிப்பாய் வாயை மூடிக்கொண்டு சிரித்தான். வானொலிச் செய்தி வாசித்ததுபோல இருந்தது. அந்த வயதுப் பிள்ளை எந்த மொழியிலும் அப்படிக் கதைக்காது. எனக்கு அது கேட்ட அதே கணத்தில் அதிகாரிக்கும் கேட்டது.

"கவுத இகென்னுவே?" என்றார். யார் சொல்லித்தந்தது என்று. குரலில் கோபம் இல்லை.

மகன் என்னைப் பார்த்தான். அதற்கு நான் வசனம் கொடுத்திருக்கவில்லை. அப்பா என்று சிங்களத்தில் சொன்னான்.

"மாத்தயா கொஞ்சம் எங்களோட வாங்க," என்றார் அதிகாரி, என்னைப் பார்த்து அரைகுறைத் தமிழில். "கேட்டுட்டு அனுப்புறது."

பொலிஸ் நிலையத்தில் மர வாங்கில் இருத்தினார்கள். எங்கள் ஒழுங்கையிலிருந்து இன்னும் பலர் அங்கே இருந்தார்கள். முறை வந்தபோது ஒருவர் படத்தை மேசையில் வைத்து, பேனாவின் மூடியால் ஒவ்வொரு முகமாகத் தொட்டார். இவர் யார், இப்போது எங்கே. இவர் பொரளையில் இருக்கிறார், சிங்களவர். இவர் மெல்பேண். இவர் இறந்துவிட்டார், மாரடைப்பு. ஓரத்தில் நிற்பவனைத் தொட்டபோது தெரியாது என்றேன். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு அவனைக் கண்ட யாரையும் நான் சந்திக்கவில்லை. பேனா மூடி அந்த முகத்திலேயே கனநேரம் நின்றது. அவனோடு பழகிய மற்றவர்கள் யார் என்று கேட்டார். படத்தில் உள்ள எல்லோரும் என்றேன்.

பொழுதுபடும் வேளையில் விட்டார்கள். படத்தைக் கேட்டேன். கோப்பில் இருக்கட்டும் என்றார்கள்.

மனைவி பகல் முழுவதும் நிலைய வாசலில் நின்றிருந்தாள். வீட்டில் மகள் ஓடிவந்து என் சாரத்தைப் பிடித்தாள். மகன் மேசையில் இருந்தான். பேணி அவன் முன்னால் திறந்து கிடந்தது, வெறுமையாக.

"விசிலையும் பட்ஜையும் கடலுக்கை எறிஞ்சிட்டன்," என்றான். "துணியை வெட்டிக் குப்பைக்கை போட்டன்."

"கடற்கரைக்குத் தண்டவாளம் கடந்து தனியப் போனனியோ?" என்றாள் மனைவி.

"ஓம்."

"நல்லது," என்றேன்.

"படம் எங்கை அப்பா?"

"அவங்கள் வைச்சிருக்கிறாங்கள்."

"அப்ப திரும்பியும் வருவாங்கள்."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவனுக்கு நான் சொல்லிக்கொடுத்தவை எவ்வளவு தூரம் உதவின என்பதை அவன் காலையில் பார்த்திருந்தான். தெரியாது என்றேன்.

அவன் எழுந்து அறைக்குள் போய், தன் பாடசாலைச் சாரணர் குழுவின் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றிக்கொண்டு வந்தான். வரிசையாகச் சிறுவர்கள், காக்கி, கழுத்துத்துணி, ஆளுக்கொரு தடி. அவன் இரண்டாம் வரிசையில் சிரித்துக்கொண்டு நின்றான். அதை என் முன்னால் வைத்தான். கத்தரிக்கோலை எடுத்து, தன் முகத்தைக் கழுத்துக்கு மேலே கவனமாக வெட்டினான். அடையாள அட்டைக்கு ஒட்டுகிற அளவில் அது வந்தது.

வெட்டிய துண்டைத் தாயிடம் கொடுத்தான். மிச்சத்தை என் பக்கம் தள்ளினான்.

"இவையளை என்ன செய்யிறது?" என்றான்.