பொட்டு வைத்த பிரேக் ஆயில் டின்

பாவா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினால் சாவியைக்கூடப் பையில் போடமாட்டார். நேராக முன்சக்கரத்தருகே போய்க் குந்தி, புறங்கையை அதன் நடுவில் வைத்துப் பார்ப்பார். பிறகு அந்தப் பக்கத்துச் சக்கரம், பிறகு பின்னால் இரண்டும். குழந்தைக்குக் காய்ச்சல் அடிக்கிறதா என்று பார்ப்பது போலத்தான் இருக்கும். நான்கில் ஒன்று மட்டும் கூடுதலாகச் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ ஏதோ ஒன்று முரண்டு பிடிக்கிறது என்று அர்த்தம். அவர் என் அக்காவின் கணவர். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்குகிற எங்கள் வீட்டில் அக்கா கணவரைப் பாவா என்றுதான் கூப்பிடுவோம். திருத்தணியில் நான் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தேன், இன்றும் வைத்திருக்கிறேன். என்னிடம் வந்த டிரைவர்களில் பாதிப்பேர் வண்டி பாதி வழியில் நின்ற பிறகுதான் பானட்டைத் திறப்பார்கள். பாவா அந்த ரகம் இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பொதட்டூர்பேட்டை லுங்கி முதலாளி ஒருவர் சென்னையிலிருந்து ஒரு வெளிநாட்டு வண்டி வாங்கி வந்தார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. உள்ளே தோல் சீட்டு, டாஷ்போர்டில் மரப்பலகை, தலைக்கு மேலே திறந்து மூடுகிற கண்ணாடி. ஊர்க்காரர்கள் அதன் பெயரைச் சொல்ல வராமல் ‘பெரிய வண்டி’ என்றே சொன்னார்கள். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் முதலாளிக்கு மாந்தோப்பு இருந்தது. போகிற வழியில் பாதை என்று ஒன்று கிடையாது, மண்ணும் கல்லும் நடுவில் ஒரு ஓடையும்தான். அந்த ஓடையில் தண்ணீர் ஓடும்போது வண்டியை இறக்கி ஏற்றுவது முதலாளிக்குப் பெருமை. வண்டியை ஓட்டப் பாவாவை வைத்துக்கொண்டார். லுங்கி ஏற்றுகிற வேன்கள் இரண்டும் முதலாளியிடம் இருந்தன. அவற்றை என் ஒர்க்‌ஷாப்புக்கு வர வைத்தது பாவாதான். கடை போட்ட புதிதில் எனக்கு மூச்சு விட முடிந்தது அதனால்தான் என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

தோப்புக்குப் போய் வந்த மறுநாள் பெரிய வண்டி என்னிடம் நிற்கும். ஓட்டத்தில் எந்தக் குறையும் இருக்காது, இருந்தாலும் நிற்கும். அடிப்பாகத்தில் ஒட்டிய சேற்றை நீர் பீய்ச்சிக் கழுவச் சொல்வார். அச்சுப் பெட்டியின் திருகைக் கழற்றி ஆயிலில் விரல் விட்டுப் பார்ப்பார், பால் கலந்தது போல வெளுத்திருந்தால் ஓடைத்தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று உடனே மாற்றச் சொல்வார். ஏர் ஃபில்டரைத் தட்டினால் செம்மண் கொட்டும். நாலு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கிற லீவரை வாரத்துக்கு ஒருமுறையாவது, தேவையில்லாவிட்டாலும், போட்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அது இறுகிக்கொள்ளும் என்று தார்ரோட்டிலிருந்து மண்ணில் இறக்கிப் பத்தடி ஓட்டிக்கொண்டு வருவார். எனக்குச் சிரிப்பாக வரும். “அக்காவ இப்படிப் பார்த்துக்கினா அது உனக்குக் கோயில் கட்டும் பாவா” என்று கேலி செய்வேன். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. “வண்டி கேக்கறதுக்கு முன்னாடி நாம குடுத்துடணும் மச்சான். அது வாயத் தொறந்து கேட்டுதுன்னா, நாம லேட்டுன்னு அர்த்தம்” என்பார். செய்ய வேண்டிய வேலைகளைத் தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதிக் கொண்டுவருவார். நான் ஒவ்வொன்றாக முடித்து டிக் அடித்துத் திருப்பித் தர வேண்டும். அந்தத் தாள்களை என்ன செய்தார் என்று தெரியாது. வண்டிக்குள் எங்கேயோ அடுக்கி வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் என் ஷெட்டில் கால் வைக்க இடமில்லை. எங்கள் பக்கத்தில் பூஜைக்கு வண்டி பளிச்சென்று நின்றாக வேண்டும். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காதவன்கூட அன்றைக்கு வந்து அவசரப்படுத்துவான். ஷேர் ஆட்டோக்கள், கரும்பு டிராக்டர் ஒன்று, கல்யாண வேன்கள். நடுவில் பெரிய வண்டி. பாவாவின் தாளில் கடைசி வரி பிரேக் ஆயில். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்ற வேண்டும். ஊற்றாவிட்டாலும் சமதரையில் ஒன்றும் தெரியாது, பிரேக் நன்றாகவே பிடிக்கும். நீளமான மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் மிதித்துக்கொண்டே வரும்போதுதான், சூட்டில் அந்த ஈரம் கொதித்து, பெடல் தரைவரை போய்விடும். இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் கடைசிக்குத் தள்ளினேன். அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துக் குழாயில் சேர்ந்த காற்றை எடுக்க.

பூஜையன்று மதியம் ஸ்பானர்களையெல்லாம் மண்ணெண்ணெயில் துடைத்து, சந்தனம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் அடுக்கினோம். பூஜையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூஜை முடிகிறவரை தொடக்கூடாது. என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். கற்பூரம் காட்டிய பிறகுதான் பார்க்கிறேன், ஸ்பானர்களுக்கு நடுவில் பிரேக் ஆயில் டின்னும் உட்கார்ந்திருக்கிறது. சீல்கூட உடைக்கவில்லை. அதற்கும் நானே வரிசையோடு வரிசையாகப் பொட்டு வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் பாவா வந்தார். முதலாளி வீட்டில் மாலையும் வாழைக்கன்றும் தயாராக இருந்தன, வண்டி போனால்தான் பூஜை. “எல்லாம் ஆச்சா மச்சான்?” என்று கேட்டார். ஆகவில்லை என்று சொன்னால் அவர் வண்டியை எடுக்கமாட்டார். ‘சாமி கோச்சுக்காது, ஸ்பானர எடு’ என்பார். என்னால் அது முடியாது. முதலாளி வீட்டில் மாலை காத்துக்கிடக்கும், ஆள் அனுப்புவார்கள், சத்தம் வரும். இரண்டு நாள் கழித்து ஏதாவது சாக்குச் சொல்லி வண்டியைக் கூப்பிட்டு அரைமணியில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். உள்ளூரில் சுற்றுகிற வண்டிக்கு அதற்குள் என்ன வந்துவிடப்போகிறது? “ஆங், ஆச்சு பாவா” என்றேன். கடைசி வரிக்கும் டிக் அடித்துத் தாளைக் கொடுத்தேன். அவர் அதை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நாளாயிற்றே, திருமலைக்குப் போய் வரலாம் என்று முதலாளிக்குக் காலையில் தோன்றியிருக்கிறது. தரிசனம் முடித்துக் கீழே இறங்கும்போது, பாதி மலையில் பெடல் விட்டுக்கொடுத்தது. வேறு ஒருவர் ஓட்டியிருந்தால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். பாவா கியரைக் கீழே இறக்கி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டியின் விலாவை மலைப்பக்கத்துச் சுவரில் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் மூக்கை அதிலேயே முட்டி நிறுத்தினார். யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. சுவர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த முதலாளியம்மாவுக்கு வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. அந்தக் கை பிறகு நேராகவே இல்லை.

சென்னைக்குக் கொண்டுபோகும் வழியில் வண்டியைக் கட்டி இழுத்துவந்து என் ஷெட்டில் ஒருநாள் நிறுத்தினார்கள். பாவா நெற்றியில் கட்டோடு வந்தார். நசுங்கிய பானட்டைக் கடப்பாரை கொடுத்து நெம்பி, பிரேக் ஆயில் மூடியைத் திறந்து, விரலை விட்டு எடுத்தார். புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். அவர் விரலில் இருந்தது காப்பி டிகாஷன் நிறம். அதைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஒரே தரம்தான் பார்த்தார். பிறகு மூடியைத் திருகி இறுக்கிவிட்டு, விரலைத் தன் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் முதலாளி உள்ளே வந்தார். “பிரேக் ஆயில் எப்போ மாத்தின?” என்று பாவாவைக் கேட்டார். தாள் பாவாவிடம் இருந்தது. என் கையெழுத்தில் டிக் இருந்தது. எடுத்து நீட்டினால் போதும், என் கடை அன்றோடு முடிந்திருக்கும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பாவா தரையைப் பார்த்துக்கொண்டு, “மாத்தணும்னு இருந்தேங்க. பூஜை முடியட்டும்னு நான்தான் தள்ளிப்போட்டுட்டேன்” என்றார். நான் நினைத்தது என்னவோ அதையே தான் நினைத்ததாகச் சொன்னார். முதலாளி அடிக்கக் கை ஓங்கிவிட்டு அப்படியே இறக்கிக்கொண்டார். “சாவிய வச்சிட்டுப் போ” என்றார். சாவி என் மேஜைமேல்தான் வைக்கப்பட்டது.

மலையில் பிரேக் விட்டவன் என்ற பெயர் ஒட்டிக்கொண்டால் அப்புறம் எந்த வண்டிக்காரன் கூப்பிடுவான்? பாவா ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துச் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கிழிக்கப் போனார். காலையில் சென்னை ரயில் பிடிக்கிறவர்கள் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடுவார்கள், இரவுதான் திரும்புவார்கள். யாரும் கேட்காமலே அந்தச் சைக்கிள்களுக்குக் காற்றுப் பிடித்து, செயினுக்கு எண்ணெய் விட்டு வைப்பார். சொந்தக்காரர்களுக்கு அது தெரியவே தெரியாது. தங்கள் சைக்கிள் நன்றாக உழைக்கிறது என்று நினைத்துக்கொண்டு மிதித்துப் போவார்கள். முதலாளியின் வேன்கள் மட்டும் எப்போதும்போல என்னிடம் வந்தன. எனக்குக் கடை பெரிதாயிற்று, இரண்டாவது ஷெட் போட்டேன். அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனால் அவள் எனக்குப் பரிமாறிக்கொண்டே அவரைக் குத்துவாள். “ஒரு வண்டியப் பார்த்துக்கத் தெரியல. என் தம்பிகிட்டப் போய்க் கத்துக்கினு வா” என்பாள். அவர் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு சிரிப்பார். நானும் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன்.

சில வருஷம் கழித்து நான் ஒரு பழைய கார் வாங்கினேன். பூஜை போட எங்கள் திருத்தணி மலைமேல் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும், பாவாதான் ஓட்ட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அப்படியாவது ஏதோ ஒன்றைச் சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அடிவாரத்தில் சாவியை நீட்டினேன். அவர் கை நீட்டவில்லை. “நீ அக்காவ இட்டுக்கினு போ மச்சான். நான் படியில வர்றேன்” என்றார். அத்தனை படியும் ஏறி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து மேலே வந்தார். பூஜை முடிந்தது. அக்கா பிரசாதம் வாங்கப் போனபோது நான் காரில் சாய்ந்துகொண்டு, “பாவா, அன்னிக்கு அந்த ஆயில நான் மாத்தவே இல்ல” என்றேன்.

“தெரியும்” என்றார். பிறகு, “மாத்தாதது பெருசில்ல மச்சான். வேலை ஜாஸ்தி, மறந்துட்ட. மாத்தலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, வேற வண்டிய எடுத்துக்கினு போங்கன்னு முதலாளிகிட்டச் சொல்லியிருப்பேன். நீ டிக் அடிச்சிக் குடுத்த பாரு, அதான் ஆறல” என்றார். நான் அழுதேன். அவர் தோளில் இருந்த துண்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். “அக்காவுக்குத் தெரிய வேணாம். அப்பா அம்மா போனப்புறம் அவளுக்குப் பொறந்த வீடுன்னா நீ ஒருத்தன்தான்.” அக்கா வந்ததும் எங்களைக் காரில் ஏற்றிவிட்டு, இறங்குவதற்கும் படிக்கட்டுப் பக்கமே போனார். என் வண்டியில் உட்காரப் பயமா, வெறுப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பாவா போய் இரண்டு வருஷமாகிறது. மாரடைப்பு, சைக்கிள் ஸ்டாண்டிலேயே. போன மாதம் அக்கா தன் மகனை அழைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வந்தாள். அவன் சொந்தமாகக் கார் வாங்கியிருக்கிறான். “வண்டிய மாமா கையில வுட்டுடு. உங்கப்பா மாதிரி அஜாக்கிரதையா இருந்து கெட்ட பேர் வாங்காத. மாமாவப் பாரு, இத்தினி வருஷமா ஒரு கெட்ட சொல் இல்லாம தொழில் பண்ணிக்கினு இருக்காரு” என்று எனக்கு எதிரிலேயே அவனுக்குப் புத்தி சொன்னாள். பையன் தலையாட்டினான். நான் பானட்டைத் திறந்து, பார்க்க ஒன்றுமில்லாத புது இன்ஜினை ரொம்ப நேரம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவா சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை என்று இதுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிவந்தேன். அவர் அக்காவை நினைத்துச் சொன்னார். நான் என்னை நினைத்துப் பிடித்துக்கொண்டேன். செத்தவர் பெயரை மகனிடம் திருத்திச் சொல்ல ஒரு நிமிஷம் போதும், அந்த ஒரு நிமிஷம் எனக்கு வாய்க்கவில்லை. இப்போது எழுதுகிறேனே, தைரியம் வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அக்கா சின்ன வயதில் ஆந்திராவிலிருக்கும் நகரியில் எங்கள் மாமா வீட்டில் வளர்ந்தவள், தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவள் மகனையும் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில்தான் போட்டாள், அவனும் தமிழ்ப் புத்தகத்தைக் கையால் தொடமாட்டான். அது தெரிந்துதான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.