வெள்ளீயம் ஒட்டிய படிகம்

எங்கள் ஆய்வகத்தில் அவருக்கு ‘அடுப்பு அக்கா’ என்று பெயர். முதலில் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டிருந்தோம், பிறகு துணிந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டோம். அக்கா கோபிக்கவில்லை. “அடுப்புன்னு சொல்றதுல என்ன குறைச்சல்? வேகாம எதுவும் ஆகாது” என்பார்.

படிகம் வளர்ப்பது அவர் வேலை. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத நீண்ட அறை, சுவரோரம் வரிசையாக உலைகள். வேண்டிய தனிமங்களை வெள்ளீயத்தோடு சேர்த்துக் குழாயில் அடைத்து உருக்குவார். பிறகு வாரக்கணக்கில் மெல்ல மெல்ல ஆறவிடுவார். உருகிய வெள்ளீயத்துக்குள் படிகம் தன்பாட்டுக்கு வளரும். கடைசியில் வெள்ளீயம் இறுகுவதற்குள் குழாயை வேகமாகச் சுழற்றி வெள்ளீயத்தை உதறிவிட்டால், பளபளவென்று படிகம் மட்டும் மிஞ்சும். அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர். “எனக்குச் சக்களத்தி யாருன்னா அந்த உலைதான். காய்ச்சல்னா என்னைத் தொட்டுப் பாக்குறாளோ இல்லையோ, அதைத் தொட்டுப் பாத்துடுவா” என்று எங்களிடமே புலம்புவார்.

அந்தப் படிகங்களை மாடியில் கடுங்குளிரில் வைத்து, மின்சாரம் எவ்வளவு தடையோடு ஓடுகிறது என்று அளப்பவன் நான். இப்படித்தான் ஒருநாள், புதுப் படிகமொன்றில் மின்தடை சடாரென்று கீழே விழுந்தது. மீக்கடத்தி! தடையே இல்லாமல் மின்சாரம் ஓடும் பொருள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரத்தில் அது எங்களுக்குத் தேவையாகவும் இருந்தது. உலை அறையைக் காலி செய்து கணினிகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று துறைத் தலைவர் ஏறக்குறைய முடிவே செய்திருந்தார். பெரிதாக ஏதாவது வந்தால்தான் அறை பிழைக்கும். வந்துவிட்டதே என்று கட்டுரையை எழுதி முடித்தேன். அக்காவின் பெயர் முதலில், என் பெயர் அடுத்து. அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

அக்கா மாடிக்கு வந்து, மின்தடை விழும் கோட்டுப் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

“தம்பி, வெள்ளீயமும் மீக்கடத்திதானே?”

“தெரியும்க்கா. ஆனா அதுல தடை விழுற குளிர்நிலை வேற. இது கொஞ்சம் தள்ளித்தானே விழுது?”

“படிகத்தோட விரிசலுக்குள்ள இறுகிப்போய் மாட்டிக்கிட்டா வெள்ளீயமே கொஞ்சம் தள்ளி விழலாம்ல? அமிலத்துல கழுவிட்டு இன்னொரு தடவ அளந்துரு.”

எனக்கு வந்ததே கோபம். இருப்பது ஒரே ஒரு நல்ல படிகம். அமிலம் வெள்ளீயத்தை மட்டும் தின்னும் என்று என்ன நிச்சயம்? அப்படியே தின்றாலும், மின்தடை விழாமல் போனால் அறை போய்விடும். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வார்களா யாராவது?

“இது நீங்க வளர்த்த பிள்ளை அக்கா. நீங்களே சந்தேகப்படுறீங்களே!”

“நான் வளர்த்ததாலதான் சந்தேகம். அது எங்கெல்லாம் புரண்டுட்டு வந்திருக்குன்னு எனக்குத்தானே தெரியும்” என்றார். அறை போனால் முதலில் நடுத்தெருவுக்கு வருவது அவர்தான். அது தெரிந்தேதான் கேட்டார்.

அவரே கையுறை மாட்டிக்கொண்டு படிகத்தை அமிலத்தில் இறக்கினார். சின்னச் சின்னக் குமிழிகள் கிளம்பின. நான் பார்க்க மாட்டாமல் திரும்பிக்கொண்டேன். படிகம் கரையவில்லை. கழுவித் துடைத்து மறுபடி குளிரில் வைத்தேன்.

கோடு இறங்கியது, வழுக்கிக்கொண்டு, நிதானமாக. விழ வேண்டிய இடம் வந்தது. விழவில்லை. கடைசிவரை விழவே இல்லை. நாங்கள் கொண்டாடியது ஒட்டியிருந்த மிச்ச வெள்ளீயத்தை.

மறுநாள் துறைத் தலைவரிடம் இரண்டு படங்களையும் கொண்டுபோய் வைத்தோம். அக்காவே பேசினார். “சார், நாங்க நினைச்சது தப்பு. அது என் படிகம் இல்ல, மேல ஒட்டியிருந்த வெள்ளீயம்.” அறையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பொய் வெளியே போய், யாராவது பிடித்திருந்தால், நான் எந்த ஆய்வகத்தில் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன்? என்னைக் காப்பாற்றியவர் தன் அறையைக் கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறார். அந்த நன்றியை எந்தக் கட்டுரையின் கடைசி வரியில் எழுதித் தீர்ப்பது?

துறைத் தலைவர் இரண்டாவது படத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“இந்தக் கோடு எவ்வளவு கீழ வந்து நிக்குது பாத்தீங்களா?” என்றார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். மீக்கடத்தி இல்லையென்று ஆன துக்கத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. குளிரில் மின்தடை எந்த அளவுக்குத் தாழ்கிறதோ, அந்த அளவுக்குப் படிகம் சுத்தம் என்று பொருள். இந்தப் பொருளில் இத்தனை சுத்தமான படிகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

“இதுல அளக்கணும்னு எத்தனை பேர் காத்துக்கிட்டிருக்காங்க தெரியுமா? அந்த அறையை யாரும் தொட வேணாம். கணினிக்கு நான் வேற இடம் பாக்குறேன்” என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, “மத்த ஆய்வகங்களுக்கும் ஆளுக்கொரு துண்டு வளர்த்துத் தர முடியுமாம்மா?” என்று கேட்டார்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

“முதல்ல தம்பிக்கு சார். அப்புறம்தான் ஊருக்கு.”