சினிமாக்காரர்களுக்கு மட்டும் என்று நான் நினைத்த பிளாஸ்டிக் சர்ஜரி

டால்டாவில் முறுக்கு பொரியும் வாசனை... எழுபதுகளின் கடைசியில் ஒரு கிறிஸ்துமஸ் விடுமுறை. காரைக்காலில் எங்கள் வீடு.

நானும் மெஹரும் புதுச்சேரியில் மருத்துவம் மூன்றாம் ஆண்டு. பள்ளியிலிருந்தே தோழிகள். எதிலும் அவள் என்னைவிட ஒரு படி மேலே இருப்பாள். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கும்.

அன்று மெஹரும் எங்களோடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள். கருக்களாச்சேரியிலிருந்து மீன் கொண்டுவரும் செல்வி அக்கா, ஏழு வயது மகள் அஞ்சலையோடு வந்தார். ஸ்டவ் வெடித்துச் சிறுமிக்குக் கையில் தீக்காயம். புண் ஆறியபோது விரல்கள் உள்ளங்கையோடு ஒட்டிப் போயிருந்தன.

"பாப்பா, பிளாஸ்டிக் சர்ஜரின்னு ஒண்ணு இருக்காமே... அதுல இவ கை நிமிருமா?"

நான் யோசிக்கவே இல்லை.

"அது சினிமாக்காரங்க மூக்க அழகு பண்ணிக்கிறதுக்கு, அக்கா. உள்ள பிளாஸ்டிக் வச்சுத் தைப்பாங்க. இதுக்கெல்லாம் ஆகாது."

உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தேன்.

செல்வி அக்கா முகம் சுருங்கிவிட்டது. மெஹர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இல்லடி. பிளாஸ்டிக்னா உருவம் குடுக்குறதுன்னு அர்த்தம். தொடைத் தோல எடுத்து ஒட்டி வெரல நிமித்துவாங்க. தீக்காயம், பொளந்த ஒதடு எல்லாம் அவங்க வேலதான். அக்கா, நாங்க புதுச்சேரிக்குப் போறப்ப கூட வாங்க."

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"அந்த வார்டுல போயி நின்னு பாத்தேன்."

நாங்களெல்லாம் டீ குடிக்கப் போன நேரத்தில் போயிருக்கிறாள்!

பஸ்ஸில் அஞ்சலை மெஹர் மடியில்தான் தூங்கினாள். ஆபரேஷன் நடந்தது. கட்டுப் பிரிக்கும் நாளில் மெஹர் கூப்பிட்டாள், "வாடி, பாக்கலாம்." நோட்ஸ் எழுத வேண்டும் என்று போகாமல் இருந்துவிட்டேன். அவ்வளவு வயிற்றெரிச்சல்...

கோடை விடுமுறையில் செல்வி அக்கா எங்கள் வாசலுக்கு வந்தார். கையில் பெரிய கொடுவா மீன். பக்கத்தில் அஞ்சலை, விரல்களை விரித்து விரித்துக் காட்டினாள். மீனை வாங்க நான் கையை நீட்டிவிட்டேன்.

"மெஹர் பாப்பா வீடு எந்தத் தெரு, பாப்பா?"

நீட்டிய கையாலேயே வழி காட்டினேன்.

இன்றைய மாணவர்கள் முதல் வருஷத்திலேயே போனைப் பார்த்து எல்லாம் சொல்லிவிடுகிறார்கள். நானும் ஓய்வு பெற்றாகிவிட்டது. போன வாரம் குவைத்திலிருந்து மெஹர் பேசினாள்.

"ஒரு மீன்காரம்மா புள்ளைக்குக் கை சரி பண்ணமே... பேரு என்னடி?"

"அஞ்சலை" என்றேன், உடனே.

பெயரையே மறக்கிற அளவுக்கு அவளுக்கு அது சாதாரணம். அதிலும் எனக்குப் பொறாமைதான்.